ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பவர்கள்

குளியலறைத் தரை ஈரமாக இருந்தது.

காலை பத்து மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியவர்கள், ஞாயிற்றுக்கிழமைக்கென்று இருக்கிற நடையையெல்லாம் நடந்து முடித்து, மாலை ஆறு மணிக்குத்தான் திரும்பியிருந்தார்கள். கால் கழுவலாம் என்று விளக்கைக்கூடப் போடாமல் உள்ளே நுழைந்தவள், உள்ளங்காலில் தண்ணீர் பட்டதும் அப்படியே நின்றாள். சில்லென்று இருந்திருந்தால் குழாய் ஒழுகியிருக்கிறது என்று நினைத்திருப்பாள். அது வெதுவெதுப்பாக இருந்தது. விளக்கைப் போட்டாள். கண்ணாடியில் ஆவி படிந்து, ஓரங்களில் மட்டும் கோடு கோடாக வடிந்துகொண்டிருந்தது. சோப்பில் நுரை உடையாமல் நின்றது. கொடியில் கிடந்த துண்டைத் தொட்டுப் பார்த்தாள். யாரோ இப்போதுதான் தலை துவட்டிப் போட்டதுபோல் கனமாக, உடம்புச் சூட்டோடு இருந்தது.

"என்னங்க, காலைல கடைசியா யாரு குளிச்சது?"

"நான்தான்." கணவன் முன்னறை நாற்காலியில் விழுந்து கிடந்தான். கண்ணைத் திறக்கவில்லை. "ஏன்?"

"தரை இன்னும் ஈரமா இருக்கு."

"ஹீட்டர் ஒழுகுது போல. நாளைக்குப் பாக்குறேன்."

அவன் லிஃப்ட் மெக்கானிக். ஒழுகுவது, உரசுவது, முனகுவது எல்லாம் அவன் இலாகா. அவன் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் அவள் யோசிக்க வேண்டியதில்லை. யோசிக்கத் தெம்பும் இல்லை. துண்டை அழுக்குக் கூடையில் போட்டுவிட்டுக் கால் கழுவினாள்.

இந்த நகரத்துக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. அவளுக்குப் பல் கட்டும் லேபில் வேலை. டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு, முகம் தெரியாத மனிதர்களுக்குப் பல் செய்து கொடுக்க வேண்டும். ஆறு நாளும் குனிந்த தலை நிமிராது. அவனுக்கு ஆறு நாளும் கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கும் பிழைப்பு. இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் கிடைப்பது ஞாயிறு ஒன்றுதான். அதையும் தூங்கித் தீர்த்துவிட்டால், இதற்கா கடல் தாண்டி வந்தோம் என்று திங்கட்கிழமை நெஞ்சை அடைக்கும். அதனால் முதல் வருஷமே தங்களுக்குள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வெளியே போயே தீர வேண்டும். ஆற்றுப் படகு, பூங்கா, மிருகக்காட்சி சாலை, எல்லாம் முடிந்ததும் மறுபடியும் ஆற்றுப் படகு. மழை பெய்தால், ஊருக்கு வெளியே இருந்த பெரிய மரச்சாமான் கடை. அங்கே படுக்கையறை, சமையலறை, முன்னறை என்று நிஜ வீடு மாதிரியே ஜோடித்து வைத்திருப்பார்கள். யாருடையதோ போலிருக்கும் அந்தச் சோபாக்களில், கால் வலி அடங்கும்வரை, அடுத்த ஜோடி வந்து முறைக்கும்வரை, பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். எங்கே போனாலும் சிரித்தபடி ஒரு போட்டோ. அது அம்மாவுக்கு அனுப்ப.

அப்பா போன பிறகு அவள் அம்மா தனி ஆள். வாரத்துக்கு ஒரு தடவை, புதன்கிழமை, வேலை விட்டு வரும் ரயிலில் நின்றபடி அம்மாவிடம் பேசுவாள். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, சரிம்மா ஸ்டேஷன் வந்துருச்சு. ஸ்டேஷன் வந்திருக்காது. வாயைத் திறந்து இன்னொரு வார்த்தை பேச முடியாது, அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு அவர்கள் திரும்பியபோது அடுப்பு சூடாக இருந்தது.

அதற்கடுத்த ஞாயிறு, அவசரத்தில் நாற்காலியில் குவித்துப்போட்டிருந்த துணிகள் மடித்து அடுக்கப்பட்டிருந்தன. கைகளை உள்ளே தள்ளி, காலரை மேலே எடுத்து, அவள் மடிக்கிற அதே மடிப்பு. கட்டிலில் இரண்டு தலையணைகளும் ஒட்டிக் கிடந்தன, நடுவில் ஒரே குழியாக. அவர்கள் ஆளுக்கொரு ஓரமாக முதுகைக் காட்டிப் படுக்க ஆரம்பித்துப் பல மாதமாகிறது. அவள் குனிந்து தலையணையை முகர்ந்தாள். வேற்று வாசனை ஏதாவது அடித்திருந்தால் வாய்விட்டுக் கத்தியிருப்பாள். அவளுடைய தலை எண்ணெய். அவனுடைய வியர்வை. வேறு எதுவும் இல்லை.

"நீயே மடிச்சு வச்சிருப்ப. மறந்துட்டே," என்றான் அவன்.

"நான் மடிக்கலங்க."

"அப்ப நானா மடிச்சேன்? விடு. முந்தாநாள் எந்த பில்டிங்குக்குப் போனேன்னே எனக்கு ஞாபகம் இல்ல."

அவளும் விட்டாள். ஆனால் அந்த வாரமே லிஃப்டில் கீழ்வீட்டுத் தையல்கார அம்மாள் ஏறினாள், கையில் தைத்த திரைச்சீலைகளோடு. இரண்டு பேருக்கும் பாதி பாதி தெரிந்த ஒரு மொழியில்தான் அவர்கள் எப்போதும் பேசிக்கொள்வார்கள்.

"ஞாயித்துக்கிழமை ஆனா உங்க வீடுதான் கலகலன்னு இருக்கு," என்றாள் தையல்கார அம்மாள். "அப்பப்பா, என்ன சிரிப்பு! மிஷினை நிறுத்திட்டுக் கேட்டுக்கிட்டே இருப்பேன்."

"ஞாயித்துக்கிழமை நாங்க வீட்லயே இருக்க மாட்டோமே. வெளிய போயிடுவோம்."

தையல்கார அம்மாள் அவளைத் தோளால் இடித்தாள். "என்கிட்ட எதுக்கு ஒளிக்கிற? புருஷன் பொண்டாட்டி வீட்ல சிரிச்சா தப்பா?"

அந்த அம்மாள் இறங்கிப்போன பிறகு, லிஃப்டின் தகரச் சுவரில் தெரிந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியாக எப்போது சிரித்தோம்? போட்டோவுக்கு இல்லாமல்?

புதன்கிழமை வந்தது. ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மாவை அழைத்தாள்.

"தையல் பிரிச்சாச்சு பாப்பா," என்றாள் அம்மா. "புண்ணு நல்லா ஆறிடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"என்ன தையல்?"

"வயித்துத் தையல்தான். ஆபரேஷன் பண்ணினாங்கல்ல?"

ரயில் ஒரு வளைவில் திரும்பியது. பக்கத்தில் நின்றவர் அவள் மேல் சாய்ந்து நிமிர்ந்தார்.

"எப்பம்மா ஆபரேஷன்? என்கிட்ட சொல்லவே இல்லையே!"

"என்னடி இது, வெளையாடுறியா? மூணு வாரமா அதைத்தானே பேசுறோம். பயமா இருக்குன்னு நான் அழுதேன், நீ பாட்டெல்லாம் பாடிக் காட்டினே. மாப்பிள்ளைகூடக் கிண்டல் பண்ணினாரே."

"எப்பம்மா நாம பேசினோம்?"

"ஞாயித்துக்கிழமைதான். வாரா வாரம் வீடியோல வர்றியே." அம்மா கொஞ்சம் தயங்கினாள். பிறகு, மனசில் வெகுநாள் இருந்ததைச் சொல்வதுபோல் சொன்னாள். "இந்த புதன்கிழமை போன் வேணாம் பாப்பா. வேலைக்குப் போற நாள்ல உனக்கும் கஷ்டம். வேண்டாவெறுப்பா பேசுற. ஞாயித்துக்கிழமை நீ வேற மாதிரி இருக்க. சின்னப் பொண்ணா இருந்தப்ப இருப்பியே, அந்த மாதிரி. அது போதும் எனக்கு."

அவள் கேட்டாள் என்று அம்மா ஒரு படம் அனுப்பினாள். பக்கத்து வீட்டுப் பெண் எடுத்துக் கொடுத்ததாம். அம்மாவின் கையில் போன். போனுக்குள் இவர்களுடைய முன்னறை, இவர்களுடைய நாற்காலி, இவர்களுடைய திரைச்சீலை. அதன் முன்னால் இவர்கள் இரண்டு பேரும், கன்னத்தோடு கன்னம் ஒட்டி. அவள் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, பல் பல்லாகப் பார்த்தாள். மனிதர்களை அவளுக்கு அப்படித்தான் பார்க்கத் தெரியும். மேல்வரிசையில் லேசாகத் திரும்பிய அந்தப் பல். கீழ்வரிசையின் இடைவெளி. ஒரு பிசகு இல்லை. அது அவள் வாய்தான்.

ஒரே ஒரு வித்தியாசம். கண்ணுக்குக் கீழே கருவளையம் இல்லை. நன்றாகத் தூங்கி எழுந்த முகம்.

வீட்டுக்கு ஓடிப்போய், எப்போதும் முன்னறையிலேயே கிடக்கும் டேப்லெட்டைத் திறந்து பார்த்தாள். ஞாயிறு, மதியம் இரண்டு பத்துக்கு அம்மாவுக்கு ஓர் அழைப்பு. ஐம்பத்தைந்து நிமிஷம். அதற்கு முந்தைய ஞாயிறும் இரண்டு பத்து. அந்த இரண்டு பத்துக்கு அவளும் அவனும் ஆற்றுப் படகின் பின்பக்கம் காற்றில் நடுங்கிக்கொண்டு நின்றிருந்தார்கள். அந்தப் போட்டோவும் இருந்தது.

எல்லாவற்றையும் கணவனிடம் காட்டினாள். வெகுநேரம் பார்த்தான். பிறகு டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தான்.

"போலீசுக்குப் போவோமா?" என்றாள்.

"போயி என்ன சொல்றது? நாங்க இல்லாதப்ப நாங்களே வீட்டுக்குள்ள வந்துடுறோம்னா?"

மறுநாள் புதுப் பூட்டு வாங்கி வந்து அவனே மாட்டினான். இரண்டு சாவி, ஆளுக்கொன்று. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் போய்விட்டு வந்தார்கள். பூட்டில் ஒரு கீறல் இல்லை. கதவைத் திறந்ததும் வெங்காயம் வதக்கிய வாசனை. தொட்டியோரம் கழுவிக் கவிழ்த்த இரண்டு தட்டுகள். அவற்றிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு அவர்கள் வெளியே போகவில்லை.

கதவைத் தாழிட்டு முன்னறையில் உட்கார்ந்தார்கள். ஃபிரிட்ஜ் உறுமி உறுமி அடங்கியது. கீழே தையல் மிஷின் ஓடி ஓடி நின்றது, எதையோ கேட்பதற்கு நிற்பதுபோல், பிறகு மறுபடி ஓடியது. யாரும் வரவில்லை. அவன் கால்மேல் கால் போட்டு ஆட்டிக்கொண்டேயிருந்தான். அவள் ஆட்டாதீங்க என்றாள். அவன், டீ குடித்த டம்ளரை ஏன் இன்னும் கழுவவில்லை என்றான். டம்ளரில் ஆரம்பித்த சண்டை அவன் அக்கா கல்யாணத்தில் அவளை யாரும் கவனிக்காததுவரை போய், போன வேகத்தில் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. சண்டை போடவும் சக்தி வேண்டியிருக்கிறது.

இரண்டு பத்துக்கு டேப்லெட் அடித்தது. அம்மா.

"ஏன் பாப்பா, இன்னும் கூப்பிடல? காத்துக்கிட்டே இருந்தேன்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். நலம் விசாரித்தாள். என்ன சமையல் என்று கேட்டாள். மூன்று நிமிஷத்துக்குமேல் சரக்கு இல்லை. அம்மா திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள், தெரிந்தவர் வீட்டுக் கதவைத் தெரியாதவர் வந்து திறந்ததுபோல.

"உடம்பு சரியில்லையா?" என்றாள் அம்மா. "சரி, படுத்துக்கோ. அடுத்த வாரம் நல்லபடியா பேசலாம்."

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம், ஷூவைக் கழற்றிக்கொண்டே கணவன் சொன்னான். "நாளைக்கு எங்கயாவது போயிட்டு வரலாமே."

அவள் அவன் ஷூவை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"அதுங்க நமக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு, சொல்லு?"

போனார்கள். எங்கே போனோம் என்பதுகூட அவள் மனசில் நிற்கவில்லை. திரும்பி வந்தபோது வீடு பெருக்கித் துடைத்திருந்தது. ஒரு வாரத்துத் துணி துவைத்து மடித்திருந்தது. அடுப்பின் மேல் மூடிய பாத்திரத்தில் சோறும் காயும் சூடாக இருந்தன, சரியாக இரண்டு பேருக்கு. அவன் பாத்திரத்தைத் திறந்து ஆவியில் முகத்தைக் காட்டியபடி நின்றான்.

"தொடாதீங்க!"

அவன் நின்றபடியே ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டான். மென்றான். கண் கலங்கியது. "உன் கைதான்," என்றான். "கல்யாணமான புதுசுல செய்வியே. அதே ருசி."

அவள் சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டேயிருந்தாள். நாள் முழுக்க நடந்த கால் விண்விண்ணென்று தெறித்தது. இனிமேல் அரிசி கழுவி, காய் நறுக்கி, அடுப்பைப் பற்றவைத்து... கொஞ்ச நேரம் கழித்து அவளும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உப்பு சரியாக இருந்தது. எல்லாமே சரியாக இருந்தது. அன்றைக்கு அவர்கள் அடித்துப்போட்டதுபோல் தூங்கினார்கள்.

பயம் போய்விடவில்லை. ஆனால் பயத்துக்கும் பழக்கம் வந்துவிடும் போலிருக்கிறது. வாரம் முழுவதற்கும் வீடு தயாராக இருந்தது. அம்மா சந்தோஷமாக இருந்தாள். அவர்கள் செய்ய வேண்டியதெல்லாம் வெளியே போவதுதான். அதைத்தான் எப்படியும் செய்துகொண்டிருந்தார்களே.

பிறகு ஒரு ஞாயிறு, ஆறு மணிக்கு வந்து அவன் சாவியை நீட்டியபோது, கதவுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அவளுடைய சிரிப்பு. தொண்டையிலிருந்து, மூச்சுத் திணற, நிறுத்த முடியாமல் வருகிற சிரிப்பு. அதன்மேல் அவனுடைய குரல், என்னவோ சொல்லிச் சொல்லி அவளை மேலும் சிரிக்க வைத்துக்கொண்டு. கதவின் அடியில் மஞ்சள் வெளிச்சம். அதில் இரண்டு நிழல்கள் குறுக்கே போயின.

அவன் சாவியைச் சத்தம் போடாமல் பைக்குள் வைத்தான். "இன்னும் முடியல போல," என்றான், டாக்டர் அறைக்கு வெளியே காத்திருக்கிறவன் மாதிரி.

மாடிப்படித் திருப்பத்தில் போய் உட்கார்ந்தார்கள். சிமெண்ட் படியின் குளிர் எலும்புக்குள் ஏறியது. ஏழு மணிக்குச் சத்தம் அடங்கியது. போய்த் திறந்தார்கள். யாரும் இல்லை. நாற்காலி சூடாக இருந்தது.

அடுத்த வாரம் ஏழரைக்கு அடங்கியது. அதற்கடுத்த வாரம் எட்டு. படியில் உட்கார்ந்திருக்கும்போது இரண்டு பேரும் கிசுகிசுவென்றுதான் பேசிக்கொண்டார்கள். உள்ளே இருப்பவர்களுக்குத் தொந்தரவாகிவிடக் கூடாது என்பதுபோல. அதை அவள் ஒருநாள் கவனித்தாள். கவனித்த பிறகும் குரலை உயர்த்த வரவில்லை.

இப்படியே இருந்திருப்பார்கள். ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை, லேபில் மெழுகை உருக்கிக்கொண்டிருந்தபோது அம்மாவிடமிருந்து செய்தி வந்தது. விமான டிக்கெட்டின் படம். கீழே, "நீ அனுப்பின டிக்கெட் வந்துருச்சு. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு அங்க இருப்பேன். இனிமே உன்கூடத்தான்."

மெழுகு கை மேல் வழிந்தது. அவளுக்குச் சுடவில்லை.

வராதே என்று சொல்ல அன்றிரவே நான்கு தடவை போனை எடுத்தாள். என்ன காரணம் சொல்வது? உன்னைக் கூப்பிட்டது நான் இல்லை என்றா? அம்மா வீட்டைக் காலி செய்யவே ஆரம்பித்திருந்தாள். குரலில் அவ்வளவு துள்ளல். கடைசியில் கணவனிடம் சொன்னாள்.

"நான் போய் ஏர்போர்ட்லயே அம்மாவைப் பிடிச்சுக்கிறேன். பக்கத்துல ஒரு ஹோட்டல்ல தங்க வச்சுடலாம். அப்புறம் வேற வீடு பாக்கலாம். நீங்க அன்னைக்கு இங்கயே இருங்க. வீடு காலியா இருந்தாத்தானே அதுங்க வருது?"

"சரி."

"குப்பை போடக்கூடக் கீழ போகக் கூடாது."

"போகல. சத்தியமா."

ஞாயிறு மூன்று மணிக்கே விமான நிலையத்தில் இருந்தாள். தரை துடைக்கும் மருந்தின் நெடி, தள்ளுவண்டிகளின் கடகடப்பு, யார் யாரையோ கட்டிப்பிடித்து அழும் சத்தம். கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு, வெளியே வரும் ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். மணி மூன்றரை. நாலு. நாலு இருபது. அப்போதுதான் பலகையை நிமிர்ந்து பார்க்கத் தோன்றியது. அம்மாவின் விமானத்துக்கு எதிரே "வந்திறங்கிய நேரம்: 2:05" என்று இருந்தது. நாலு மணி என்று அம்மா எழுதியது, வீட்டுக்கு வந்து சேரும் நேரத்தை.

கூட்டத்துக்குள்ளிருந்து யாரோ கை ஆட்டினார்கள். கணவன். தோளில் சாமான் பை, நெற்றியில் கிரீஸ்.

"நீங்க எதுக்கு வந்தீங்க?"

"ஒரு பில்டிங்ல லிஃப்ட் நின்னுபோச்சு. உள்ள ஒரு கர்ப்பிணிப் பொண்ணு மாட்டிக்கிட்டா. வேற ஆள் இல்லைன்னாங்க. போகாம எப்படி? இருபது நிமிஷ வேலைதான், முடிச்சுட்டேன். இங்கேர்ந்து பக்கம், அதான் பெட்டி தூக்க..."

அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் பேச்சு பாதியில் நின்றது.

"எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புனீங்க?"

"ரெண்டுக்கு."

அவள் அம்மாவை அழைத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள் அம்மா.

"எங்கம்மா இருக்க?"

"எங்க இருக்கேனா?" அம்மா சிரித்தாள். "சமையக்கட்டுல நின்னுக்கிட்டு இங்க இருக்கிறவளுக்குப் போன் பண்றியா? இன்னும் சின்னப்புள்ளைன்னு நெனப்பு."

"அம்மா, கேளு. எப்படி அங்க போன?"

"நீ சொன்ன மாதிரிதான். டாக்ஸிக்காரர்கிட்ட அட்ரஸ் சீட்டைக் காட்டினேன். கீழ வந்து பெட்டியை நீதானே தூக்கிட்டு வந்தே? என்ன பாப்பா ஆச்சு உனக்கு?"

"அம்மா, அது நான் இல்ல. உடனே வெளிய வா. கதவைத் தொறந்துட்டு..."

"போனை வையி, வையி. நீ பேசுறது இங்க நல்லாவே கேக்குது."

அம்மாவின் குரலுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, யாரோ முணுமுணுப்பாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். பாத்திரம் கழுவும்போது அவள் பாடுவாளே, அப்படி. முன்பெல்லாம் பாடுவாளே.

போன் வைக்கப்பட்டது. பிறகு எத்தனை தடவை அழைத்தும் அம்மா எடுக்கவில்லை.

டாக்ஸி பிடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நெரிசல். உல்லாசமாகச் சுற்றிவிட்டுத் திரும்புகிறவர்களின் கார்கள், பின்கண்ணாடியில் பலூன், தூங்கிப்போன குழந்தைகள். சிவப்பு விளக்கு. மறுபடி சிவப்பு. பொழுது சாய்ந்துகொண்டு வந்தது. தெரு முனையிலேயே இறங்கி ஓடினாள்.

மேலே, அவர்கள் வீட்டு ஜன்னலில் வெளிச்சம்.

லிஃப்ட் எங்கேயோ உச்சியில் நின்றிருந்தது. படியில் ஏறினார்கள். இரண்டாம் மாடி. நான்காம் மாடி. கால் கெஞ்சியது. ஆறாவது மாடியில் அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். அவள் நிற்கவில்லை.

கதவு.

சாவி உள்ளே போனது. திரும்பியது. கதவு திறக்கவில்லை. உள்ளே தாழ் போட்டிருந்தது.

அவள் தட்டினாள். உள்ளங்கையால். பிறகு முஷ்டியால்.

பேச்சுச் சத்தம் நின்றது. டம்ளர் ஒன்றை மேசைமேல் வைக்கும் ஓசை.

"யாரது, இந்த நேரத்துல?" அம்மாவின் குரல்.

"நீங்க உக்காருங்க அத்தை," என்றது அவள் கணவனின் குரல், உள்ளேயிருந்து. அவளுக்குப் பின்னால் நின்றிருந்த கணவன் வாயைப் பொத்திக்கொண்டான்.

"இருக்கட்டும் மாப்பிள்ளை, நான் பாக்குறேன்."

செருப்பு தேயும் நடை. அம்மாவின் நடை. கதவருகே வந்து நின்றது. கதவில் இருந்த சிறு கண்ணாடித் துளை இருண்டது.

"அம்மா," என்றாள். "அம்மா, நான்தான். பாப்பா."

துளை இருண்டே இருந்தது. அம்மாவின் மூச்சு மரத்துக்கு அந்தப் பக்கம் கேட்டது. நான்கு விரல் தூரம்கூட இருக்காது. அவள் முகத்தை நன்றாக நிமிர்த்திக் காட்டினாள். கலைந்த முடியை ஒதுக்கிக் காட்டினாள். சிரிக்கப் பார்த்தாள்.

"யாரோ ரெண்டு பேரு," என்றாள் அம்மா, உள்பக்கம் திரும்பி. "பாவம், ரொம்ப ஓஞ்சுபோய் இருக்காங்க. யாருன்னு தெரியல."

"அம்மா!"

"குரல் மட்டும் உன்னோடது மாதிரியே இருக்குடி."

"ஆமாம்மா," என்றது அவளுடைய குரல். கனிவாக. அவசரமே இல்லாமல். "ஞாயித்துக்கிழமைன்னா இப்படித்தான் வந்து நிப்பாங்க. படியில உக்காந்திருப்பாங்க. ஒண்ணும் பண்ண மாட்டாங்க. வாம்மா, டீ ஆறுது."

துளையில் வெளிச்சம் வந்தது. அம்மாவின் நடை தேய்ந்து தேய்ந்து உள்ளே போனது. நாற்காலி இழுபட்டது. யாரோ ஏதோ சொன்னார்கள். அம்மா சிரித்தாள். அப்பா போன பிறகு அம்மா அப்படிச் சிரித்து அவள் கேட்டதே இல்லை.

கத்தலாம். கதவை உடைக்கலாம். அவன் பையில் சுத்தியல் இருந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். கணவன் படியில் உட்கார்ந்திருந்தான், வழக்கமாக உட்காரும் இடத்தில், தலையை முழங்காலில் வைத்து.

அவளும் கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

கதவின் அடியிடுக்கில் ஒரு நிழல் வந்து நின்றது. குனிந்தது. எதையோ தரையோடு தரையாகத் தள்ளும் சரசரப்பு. முதலில் ஒரு நாடா வெளியே வந்தது. பிறகு ஒரு அட்டை. வேலைக்குப் போகும்போது கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அவளுடைய அட்டை. அதன் பின்னாலேயே அவனுடையது.

கடைசியாக, நான்கு விரல் நுனிகள். அவை இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில், நேராக, விளிம்போடு விளிம்பு பொருத்தி வைத்தன.

"நாளைக்கு லேட் பண்ணாம போயிடு," என்றது அவளுடைய குரல், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.